எழுபது ஆண்டுக் கடிதம்

வானொலி மறையுரை
வாசகம்: எரேமியா 29:1-14



நம் பங்கிலுள்ள வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் சுவரில் நாம் காணும் ஓர் இறைவார்த்தை உண்டு. பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது இருக்கும். பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் நோட்டிலும், புதிதாக நான்கு மெஷின் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கும் சகோதரரின் பட்டறையிலும், விடியற்காலையில் வாட்ஸ்அப்பிலும் அதே வசனம்தான். எரேமியா 29:11. ஆண்டவர் தம் மக்களுக்காக எண்ணி வைத்திருப்பது கேடு அன்று, நல்வாழ்வே. அவர்களுக்கு வருங்காலத்தையும் எதிர்நோக்கையும் தருவதே அவருடைய திட்டம் என்பது அதன் கருத்து.

ஆறுதலான வார்த்தை. அதைச் சுவரில் மாட்டியிருப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதைப் பேசவில்லை. ஒரு துக்க வீட்டில் நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு, அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இன்று சொல்ல முயல்கிறோம்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த குடும்பம் அது. காம்பவுண்டு வீடு. ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக நாள்தோறும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர். ஒரு சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், விடிவதற்குள் இறந்துபோனார். அடக்கம் முடிந்து நாம் அந்த வீட்டில் செபித்துவிட்டு எழுந்தபோது, அந்த அம்மா சுவரைக் காட்டினார். "சாமி, தினமும் ராத்திரி நாங்க ரெண்டு பேரும் அந்த வசனத்தை வாசிச்சிட்டுத்தான் படுப்போம். ஆண்டவர் சொன்னது பொய்யா? இல்ல, எங்க விசுவாசம்தான் பத்தாம போச்சா?" என்று கேட்டார்.

இறைவன் பொய் சொன்னார், அல்லது என் நம்பிக்கை போதவில்லை. இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று அந்தத் தாய் நினைத்தார். அவரை அந்த மூலைக்குத் தள்ளியது இறைவார்த்தை அன்று. இறைவார்த்தையை நாம் துண்டாக வெட்டி எடுத்துக் கையில் கொடுத்த விதம்தான். அதில் மறையுரையாளர்களாகிய எமக்கும் பங்கு உண்டு.

கட்டிங் டேபிளில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் சொல்வது எளிதில் புரியும். வெட்டிப் போட்ட துணியில் ஒரு கைப் பீஸை மட்டும் எடுத்துப் பாருங்கள். நல்ல துணிதான், நிறமும் சரிதான். ஆனால் அது எந்த பண்டலைச் சேர்ந்தது, என்ன சைஸ், வலது கையா இடது கையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முன் பீஸ், பின் பீஸோடு சேர்த்து வைத்தால்தான் அது சட்டையின் கை. இறைவசனமும் அப்படித்தான். 11-ஆம் வசனம் ஒரு நீண்ட கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அந்தக் கடிதத்தை முழுவதுமாக விரித்துப் பார்ப்போம்.

கி.மு. 597-இல் பாபிலோன் மன்னர் நெபுகத்னேசர் எருசலேமைப் பிடித்தார். பதினெட்டு வயதில் அரியணை ஏறி மூன்றே மாதம் ஆண்ட யோயாக்கின் அரசரைச் சிறைப்பிடித்துச் சென்றார். அவரோடு அரசு அலுவலர்களையும் படைவீரர்களையும் கொண்டு போனார். கைவினைஞர்களும் கொல்லர்களும் அவர்களில் இருந்ததாக அரசர்கள் இரண்டாம் நூலும் எரேமியாவின் கடிதமும் தனித்துச் சொல்கின்றன. கைத்தொழில் தெரிந்தவர்களை ஊரை விட்டுப் பெயர்த்துக் கொண்டு போனார்கள் என்பது இதன் பொருள். தொழிலுக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அந்த வலி ஓரளவு தெரியும். நாமாவது பேருந்து ஏறி நாமே வந்தோம். அவர்கள் இழுத்துச் செல்லப்பட்டவர்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் மனத்தில் இருந்தது ஒரே கேள்வி: எப்போது திரும்புவோம்? அந்தக் கேள்விக்கு உடனடிப் பதில் ஒன்று கிடைத்தது. எரேமியா 28-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிபயோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்பவர், குருக்களும் மக்களும் கூடியிருந்த ஆலயத்தில் நின்று, ஆண்டவரின் பெயரால் பேசினார். பாபிலோனின் நுகத்தை ஆண்டவர் முறித்துவிட்டார், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் எல்லாமும் திரும்பி வரும் என்றார். எரேமியா அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தம் கழுத்தில் பூட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி, எல்லார் முன்னிலையிலும் உடைத்தும் போட்டார்.

எரேமியா என்ன செய்தார்? முதலில் 'ஆமென், அப்படியே நடக்கட்டும்' என்றுதான் சொன்னார். மக்கள் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் ஆசை வேறு, ஆண்டவரின் வாக்கு வேறு என்பது அவருக்குத் தெரியும். மர நுகத்தை முறித்தீர், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்று பிறகு அனனியாவிடம் சொன்னார். அதே ஆண்டு ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனார். அவர் சொன்ன இரண்டு ஆண்டுகளும் கடந்தன. யாரும் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் எருசலேமே தீக்கிரையாகி, ஆலயமும் இடிந்தது.

அனனியாவின் குரல் நம் கொங்கு மண்டலத்துக்குப் புதிதன்று. ஈமு கோழி வளர்த்தால் போதும், மாதம் தவறாமல் பணம் வரும் என்ற பேச்சை நம்பி, நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் பணம் கட்டியவர்கள் 2012-இல் பெருந்துறைப் பக்கத்தில் எப்படித் தவித்து நின்றார்கள் என்பதைப் பார்த்தோம். விரைவில், உறுதியாக, உழைப்பில்லாமல் என்று யார் சொன்னாலும் நம் காது திறந்துகொள்கிறது. அந்தப் பேச்சோடு ஓர் இறைவசனத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், சந்தேகப்படுவதே பாவம் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அனனியாவுக்கு அடுத்த அதிகாரத்தில் வருவதுதான் எரேமியாவின் கடிதம். அதில் நம் வசனம் வருவதற்கு முன் என்ன இருக்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள். திருமணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் திருமணம் செய்து வையுங்கள், எண்ணிக்கையில் குறைந்துவிடாதீர்கள். உங்களை நாடு கடத்தி அனுப்பிய அந்த நகரின் நலனை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள். அந்த நகர் நலமாக இருந்தால்தான் நீங்களும் நலமாக இருப்பீர்கள். கனவு கண்டதாகச் சொல்லி உங்களை ஏமாற்றும் போலி இறைவாக்கினரை நம்பாதீர்கள். இதுவே 5 முதல் 9 வரையுள்ள வசனங்களின் சுருக்கம்.

பிறகு 10-ஆம் வசனம். பாபிலோனுக்குக் குறிக்கப்பட்ட எழுபது ஆண்டுகள் முடிந்த பின்பே உங்களைச் சந்தித்து, இந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டு வருவேன் என்கிறார் ஆண்டவர். அதை அடுத்துத்தான், 'ஏனெனில்' என்று சொல்லத்தக்க விதத்தில், 11-ஆம் வசனம் தொடங்குகிறது. சுவரில் நாம் மாட்டியிருக்கும் வாக்குறுதி, எழுபது ஆண்டுகள் என்ற சொல்லின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாம் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மீதியை மாட்டிவிட்டோம்.

எழுபது என்றால் என்ன? திருப்பாடல் 90 மனிதரின் வாழ்நாளைக் கணக்கிடும்போது சொல்வதும் எழுபதுதான். ஒரு முழு ஆயுள். பாபிலோன் கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரசிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, விரும்பியவர்கள் திரும்பிச் செல்லலாம் என்று அவர் ஆணையிட்டார். 597-இல் முப்பது வயதில் பாபிலோனுக்குப் போன ஒரு கொல்லருக்கு அப்போது ஏறத்தாழ தொண்ணூறு வயது. அவர் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வாக்குறுதியை முதலில் காதால் கேட்டவர்களில் பெரும்பாலோர் அது நிறைவேறியதைக் கண்ணால் காணவில்லை. பாபிலோன் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

அப்படியானால் அந்தப் பெரியவர்களுக்கு ஆண்டவர் சொன்னது பொய்யா? அவர்களுடைய நம்பிக்கை போதாமல் போய்விட்டதா? அன்பானவர்களே, இரண்டும் இல்லை. துக்க வீட்டில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கான பதிலின் முதல் பகுதி இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'உங்கள்' என்ற சொல் பலரையும் குறிக்கும், மரியாதைக்காக ஒருவரையும் குறிக்கும். ஆகவே 'உங்களுக்காக' என்று வாசித்ததும், எனக்காக, என் மகனுக்காக, என் கடனுக்காக என்று எடுத்துக்கொள்கிறோம். எபிரேய மொழியில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே இருப்பது பன்மை. நாடு கடத்தப்பட்ட மக்கள் அனைவரையும் சேர்த்து அழைக்கும் 'நீங்கள்' அது. கடிதத்தின் உறைமேல் எழுதியிருந்த முகவரி ஒரு தனி மனிதருடையது அன்று. ஒரு முழு மக்களினத்துடையது.

நல்வாழ்வு என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள சொல் 'ஷாலோம்'. உடல்நலம், உறவு, நீதி, அமைதி, வயிற்றுக்குச் சோறு எல்லாம் அடங்கிய சொல். 11-ஆம் வசனத்தில் அது ஒருமுறை வருகிறது. ஆனால் 7-ஆம் வசனத்தில், அந்த நகருக்காக மன்றாடுங்கள் என்று சொல்லும் இடத்தில், அதே சொல் மூன்றுமுறை வருகிறது. கடவுள் மக்களுக்காக வைத்திருக்கும் ஷாலோமும், மக்கள் தங்கள் ஊருக்காகத் தேட வேண்டிய ஷாலோமும் ஒரே நூலில் கோத்தவை. ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியாது.

நாடு கடத்தப்பட்டவர்கள் அந்த அறிவுரையின்படி வாழ்ந்தார்களா? பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் யோயாக்கின் அரசருக்கும் அவருடைய மைந்தர் ஐவருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. இன்னும் ஏறத்தாழ இருநூறு பலகைகள் 'அல்-யாகூது' என்ற ஊரையும் சுற்றுப்புறத்தையும் பற்றியவை. அந்தப் பெயருக்கு யூதாவின் ஊர் என்று பொருள். அவற்றில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. குத்தகை, வரி, வாற்கோதுமை, பேரீச்சை, கடன் என்று அன்றாட வாழ்வின் கணக்குகள். பெயர்களில் எத்தனையோ பெயர்களில் ஆண்டவரின் திருப்பெயர் கலந்திருக்கிறது. வேற்று மண்ணில் நிலத்தை உழுதார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளுக்கு ஆண்டவரின் பெயரை வைத்தார்கள். அற்புதமாகத் தெரியாத அந்த வாழ்க்கையின் வழியாகத்தான் எழுபது ஆண்டு வாக்குறுதி அடுத்த தலைமுறைக்கு நடந்து சென்றது.

ஒரு வாக்குறுதியை அதன் இடத்திலிருந்து பெயர்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் ஆண்டவரே நமக்குக் காட்டினார். அலகை அவரைக் கோவிலின் உயரமான பகுதியில் நிறுத்தி, 91-ஆம் திருப்பாடலையே எடுத்துச் சொன்னது. வானதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதித்துவிடும் என்றது. வசனம் உண்மையானதுதான். பயன்படுத்திய விதம்தான் சோதனை. இயேசு அந்தத் திருப்பாடலை மறுக்கவில்லை. மறைநூலின் இன்னொரு பகுதியை அதன் அருகில் வைத்து, ஆண்டவரைச் சோதிக்கலாகாது என்று பதில் சொன்னார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் நமக்குக் கற்பித்ததும் இதுவே. எழுதியவர் என்ன சொல்லக் கருதினார், எந்த வகை எழுத்து அது என்று பார்க்க வேண்டும். மறைநூல் முழுவதன் ஒருமைப்பாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். பாபிலோனிலிருந்த மக்களிடம் பேசியவர் நம் கடவுளே. கிறிஸ்துவில் நாமும் அந்த மக்களினத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். அந்த வாக்குறுதியில் நமக்குப் பங்கு உண்டு. ஆனால் அது கொடுக்கப்பட்ட விதத்திலேயே நாம் அதைப் பெற வேண்டும். இந்த மாத ஆர்டர் கிடைக்கும், இந்த நோய் நீங்கும், இந்த வரன் அமையும் என்ற உத்தரவாதச் சீட்டாக அது எழுதப்படவில்லை. அவற்றுக்காகச் செபியுங்கள்; தந்தையிடம் கேட்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. கேட்டது கிடைக்காதபோது, கடவுள் வாக்குத் தவறிவிட்டார் என்றோ, அடுத்தவர் நம்பிக்கை குறைவு என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். துக்க வீட்டில் போய் அந்த வசனத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடவும் செய்யாதீர்கள்.

வாக்குறுதி 'உங்கள்' எல்லாருக்கும் என்றால், அது ஒரு வீட்டுக்கு வந்து சேர வேண்டிய வழி நாம்தான். கணவரை இழந்த வீட்டுக்கு அன்பியத்தார் முதல் வாரம் மட்டும் போனால் போதாது; மூன்றாம் மாதமும் போக வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் கதவைத் தட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து சேர வேண்டிய பி.எஃப். பணத்துக்கும் இ.எஸ்.ஐ. உதவிக்கும் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர் அந்தத் தாயோடு அலுவலகம் போக வேண்டும். 11-ஆம் வசனத்துக்கு நாம் சொல்லும் ஆமென் இப்படித்தான் இருக்க வேண்டும்.

7-ஆம் வசனமும் நம் ஊருக்கு எழுதியதுபோல் இருக்கிறது. திருநெல்வேலி, மதுரை, தேனி, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வந்தவர்கள் சேர்ந்து வாழும் ஊர் திருப்பூர். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்ற நினைப்பிலேயே பலர் இருபது ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். இது என் ஊர் இல்லையே என்பதால், இங்கே ஓடும் நொய்யல் என் ஆறு இல்லை என்றும் நினைத்துவிட்டோம். அதன் விலையை எல்லாரும் கொடுத்தோம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. கீழே இருந்த விவசாயியின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பட்டறைத் தொழிலாளியின் அடுப்பும் அணைந்தது. ஊரின் நலனை விட்டுவிட்டு என் நலனை மட்டும் தேட முடியாது என்று எரேமியா எழுதியதை, நாம் நம் ஆற்றங்கரையிலேயே கண்டோம். இந்தி பேசும் சகோதரர் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் தனியாக நிற்கும்போது, அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் ஊரின் ஷாலோமைத் தேடுவதுதான்.

இப்போது அந்தத் தாயிடம் திரும்பி வருவோம். அம்மா, ஆண்டவர் பொய் சொல்லவில்லை. உங்கள் நம்பிக்கையும் குறையவில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 11-ஆம் அதிகாரம், வாக்களிக்கப்பட்டதைக் கையில் பெறாமலே, தொலைவில் கண்டு வாழ்த்தி, நம்பிக்கையோடு இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. மகளுக்காக ஒன்றரை ஷிப்ட் பார்த்த உங்கள் கணவர் அந்த வரிசையில் நிற்கிறார். தந்தையின் திட்டம் நல்வாழ்வின் திட்டம் என்பதில் சிறிதும் ஐயம் கொள்ளாத நம் ஆண்டவரும் சிலுவை வழியாகவே அதற்குள் நுழைந்தார். கல்லறையோடு அது முடிந்துவிடவில்லை. உங்கள் கணவருக்கும் கல்லறையோடு முடியாது.

எதிர்நோக்கு என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் 'திக்வா' என்ற சொல் இருக்கிறது. யோசுவா நூலில் இராகாபு தன் வீட்டுச் சாளரத்தில் கட்டிய சிவப்புக் கயிற்றைச் சொல்லும்போது வருவதும் அதே எழுத்துகள் கொண்ட சொல்தான். எதிர்நோக்கு, நூற்கயிறு, இரண்டுக்கும் ஒரே சொல். நூலை நம்பி வாழும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் இழையைத் தனியாக இழுத்தால் அறுந்துவிடும். பல இழைகளை முறுக்கினால் அது ஆளையே தாங்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சட்டம் சுவரிலேயே இருக்கட்டும். இன்று இரவு குடும்பச் செபத்தில் விவிலியத்தைத் திறந்து, எரேமியா 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 14-ஆம் வசனம் வரை சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும், உங்கள் தெருவில் யாருடைய வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கு மாறாத எம் இறைவா, நீர் குறித்த காலம் வரை காத்திருக்கும் பொறுமையையும், காத்திருக்கும் ஊரிலேயே நலம் தேடும் மனத்தையும், எங்களில் விழுந்தவரைத் தூக்கிவிடும் கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.